ஸ்பீக்கர் பெட்டிக்குள் எதை வைப்பது?

மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் பாக் நீரிணை, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கும். சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், கேஸ் அடுப்பின் கால் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. அந்த வீட்டில் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் பெட்டியை நான்கு வருடமாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உள்ளே எதை வைத்தால் சத்தம் தெளியும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில்களில் பல கடற்கரைக்குச் சரிப்படுவதில்லை. சிலவற்றை நான் காசு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டிகள் கீழக்கரையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் வாங்கியவை. தாழ்ந்த சத்தத்துக்கு 8 அங்குல வூஃபர், கீச்சுச் சத்தத்துக்கு 1 அங்குல ட்வீட்டர், முன்பக்கம் கீழே ஒரு காற்றுக்குழாய். பலகை 12 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. உள்ளளவு உயரம் 56, அகலம் 26, ஆழம் 24 செ.மீ., அதாவது ஏறக்குறைய 35 லிட்டர். உள்ளே பின்சுவரில் மட்டும் ஒரு துண்டு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. விரல் வைத்ததும் அது மாவாக உதிர்ந்தது.

நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணீர் எப்படி இருக்கும் என்று தெரியும். இந்தப் பெட்டிகளில் அந்தக் குரல் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவது போல வந்தது. ரேடியோ செய்தி போட்டால் வாசிப்பவரின் 'ம்', 'ன்' எல்லாம் ஒரு கணம் கூடுதலாக இழுத்தன.

என் தாய்மாமா முப்பது வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். அவரிடம் போய் என்ன பஞ்சு வாங்குவது என்று கேட்டேன். "மாப்ள, முதல்ல எது சத்தம் போடுதுன்னு பாரு. அப்புறம் பஞ்சு வாங்கு" என்றார். அப்போது அதன் அருமை எனக்குப் புரியவில்லை. நேரே போய்க் கையில் கிடைத்ததை எல்லாம் அடைத்தேன்.

எங்கள் ஊரில் சும்மா கிடைப்பது தெர்மாகோல். மீன் ஐஸ் பெட்டி உடைந்தால் துண்டு துண்டாகக் கடற்கரையில் கிடக்கும். அதை அளவாக அறுத்து, நான்கு சுவரிலும் ரப்பர் பசை போட்டு ஒட்டினேன். பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழி பறித்தது ஒரு பக்கம். ஒட்டிய இடத்திலும் ஒரு பலனும் இல்லை. பாட்டில் தாளம் பலமாக விழும்போது துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிட்டன. முட்டை அட்டையும் வைத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே. தெர்மாகோல் சூட்டைத் தடுக்கும், மீனைக் காக்கும். ஒலியை உறிஞ்ச அதற்குள் காற்று போய் வர வழி வேண்டும், அது இல்லை. அதில் இருப்பதெல்லாம் மூடிய குமிழிகள்.

அன்றிலிருந்து எந்தப் பொருளையும் வாங்குமுன் வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறேன். ஊதின காற்று கொஞ்சம் தடைபட்டு மறுபக்கம் வர வேண்டும். துளியும் வராவிட்டால் அது உறிஞ்சாது. தடையே இல்லாமல் பாய்ந்தாலும் உறிஞ்சாது. டிவி, ஃபிரிட்ஜ் பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சு தேறும்.

தோற்றபின் மாமா சொன்னதற்கே திரும்பினேன். சத்தத்தைக் கெடுப்பது எது? முதலில் அறையா, பெட்டியா என்று பார்க்க வேண்டும். எங்கள் கூடம் சிமெண்டுத் தரை, வெறும் சுவர், மேலே கான்கிரீட். கச்சான் காற்று எழும்புமுன் ஒரு விடியற்காலையில் பெட்டியை வாசல் மணலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துப் போட்டேன். பக்கத்தில் சுவர் எதுவும் இல்லை. வீட்டுக்குள் கேட்ட 'கும்' என்ற குமுறல் பாதிக்கு மேல் காணாமல் போனது. அது அறையின் குற்றம். பெட்டிக்குள் எதை வைத்தாலும் அது போயிருக்காது. ஆனால் குடத்துச் சத்தம் மணலிலும் அப்படியே இருந்தது. அதுதான் பெட்டியுடையது. செலவே இல்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பெட்டியின் குற்றம் மூன்று இடத்திலிருந்து வரலாம். பலகை அதிரலாம். உள்ளே அடைபட்ட காற்று ஒலிக்கலாம். இடுக்கு வழியாகக் காற்று கசியலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பலகை அதிர்வதைப் பஞ்சு அடக்காது. காற்று ஒலிப்பதைத் தார் ஷீட் அடக்காது. கடைகளில் மூன்றையும் ஒரே பேரில் விற்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

பலகையைத் தெரிந்துகொள்ள விரல் முட்டியால் தட்டினாலே போதும். பக்கப்பலகையின் நடுவில் 'டொங்' என்று கேட்டால் அது பாடுகிறது என்று பொருள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மருந்துக்கடையில் ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் (கேட்ட சுருதியில் ஒலி எழுப்பும் ஆப்) போட்டு 100 ஹெர்ட்ஸிலிருந்து 500 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே பலகையில் வைத்துக் கேட்டால், எந்த இடத்தில் எந்தச் சுருதிக்கு அது துள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் காற்றை வீட்டுக் கணக்கிலேயே பிடிக்கலாம். எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். பெட்டியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதால் ஒலியின் வேகத்தை வகுக்க வேண்டும். 348-ஐ 1.12-ஆல் வகுத்தால் 310 ஹெர்ட்ஸ். மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே காற்று நின்று ஆடும் சுருதி அது. குரலின் உடம்பு இருக்கும் இடமும் அதுதான். குரல் குடத்துக்குள்ளிருந்து வந்ததற்குக் காரணம் அங்கே இருந்தது.

கணக்கை நம்பாமல் அளந்தும் பார்த்தேன். ஆம்பிளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை வைத்து, வால்யூமைக் குறைத்து, ஸ்பீக்கர் முனைகளில் இருக்கும் ஏசி வோல்ட்டை மல்டிமீட்டரில் 5 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே போனேன். கோடு சீராக ஏறி வந்தது. 310-க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு விழுந்தது, உள்ளே காற்று ஆடுவதன் அடையாளம் அது. மலிவான மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு வேண்டியது அதற்குக் கீழேயே இருந்ததால் பிரச்சினை இல்லை.

இங்கேதான் நான் நெடுநாள் தவறாக நினைத்திருந்த ஒன்று திருந்தியது. ஒலியடக்கும் பொருள் என்றால் சுவரில் ஒட்டுவது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் பஞ்சு ஒலியை எப்படிக் குறைக்கிறது? காற்று அங்குமிங்கும் போய்வரும்போது இழைகளில் உரசுகிறது, அந்த உரசலில் அதன் வேகம் சூடாக மாறிவிடுகிறது. சுவரை ஒட்டியிருக்கும் காற்றுக்கு நகர இடமே இல்லை. 310 ஹெர்ட்ஸில் காற்று அதிகமாக நகர்வது பெட்டியின் நட்டநடுவில், மேலிருந்தும் கீழிருந்தும் 28 செ.மீ. தள்ளி. ஆக, மேற்பலகையில் 2 செ.மீ. ஸ்பாஞ்சு ஒட்டுவது இந்தச் சுருதிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நடுவில் பஞ்சு நிற்க வேண்டும்.

சரி, என்ன பஞ்சு?

கீழக்கரையில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம், "காக்கா, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வைக்கணும், இலவம் பஞ்சு வேணும்" என்றேன். (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்.) "இலவம் வேணாம் தம்பி, எலி வரும். ரெக்ரான் கொண்டு போங்க" என்றார். எனக்கு இலவம்பஞ்சின் மேல் ஒரு ஆசை இருந்தது. அதன் இழை உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும், மேலே மெழுகு பூசினாற்போல இருப்பதால் தண்ணீர் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளை இதை அடைத்துத்தான் செய்தார்கள். கடல்காற்று வீசும் ஊருக்கு இதைவிட வேறென்ன பொருத்தம் என்று நினைத்து, காக்கா சொன்னதைக் கேளாமல் அரைக்கிலோ வாங்கி வந்தேன்.

எலி வரவில்லை. ஈரமும் ஏறவில்லை. சத்தமும் முதல் வாரம் அருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்துக் குடம் மெல்லத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் பஞ்சு முழுக்க அமுங்கிக் கீழ்ப் பாகத்தில் கட்டியாகக் கிடந்தது. நடுப்பகுதி வெறுமை. இலவம்பஞ்சுத் தலையணையை வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து அடிப்பது எதற்கென்று யோசித்திருக்க வேண்டும். வூஃபர் அதிரும்போது அது இன்னும் சீக்கிரம் அமுங்குகிறது. பொடி இழைகள் காற்றுக்குழாய் வழியாக வெளியே வந்து தரையில் படிந்தன. அடைத்துத் தைத்த சிறுசிறு பைகளாக வைத்தால் நிற்கலாம். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டிகளில் நான் அதை வைக்க மாட்டேன்.

அடுத்து கிளாஸ் வூல். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் 50 மி.மீ. கனத்தில் மிச்சத் துண்டு கிடைத்தது. ஒலியை உறிஞ்சுவதில் இதற்கு ஈடான பொருள் குறைவு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் காற்றுப் புகாத சிறிய பெட்டியில் ஆழ்ந்த சத்தத்தைக் கொண்டுவந்தபோதும் உள்ளே அடைத்தது கண்ணாடி இழைதான். ஆனால் என் பெட்டியில் காற்றுக்குழாய் இருக்கிறது. ஒவ்வொரு தாளத்துக்கும் அது வெளியே மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் கண்ணாடித் தூசியும் வரும். ஃபைபர் படகு கட்டும் இடத்தில் வேலை செய்கிற மச்சான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க ஃபைபர் மேட்டே தேவலாம், இது அதைவிட அரிக்கும்" என்றான். மழைக்காலத்தில் அது ஈரம் வாங்கித் தன் கனத்தாலேயே சரியும். குழாய் இல்லாத, முழுக்க மூடிய பெட்டியாக இருந்தால், மெல்லிய துணிப்பையில் தைத்து வைக்கலாம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து விளையாடும் வீட்டில், குழாய் உள்ள பெட்டிக்கு வேண்டவே வேண்டாம் என்பேன்.

கம்பளி நன்றாகத்தான் வேலை செய்யும். நீள இழைக் கம்பளியை வைத்து ஸ்பீக்கர் செய்வது இங்கிலாந்தில் அறுபதுகளிலிருந்தே உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் அதற்குப் பூஞ்சணம் பிடித்தது. ஒரே ஒரு கார்த்திகை மாதம்தான் தாங்கியது.

ஸ்பாஞ்சு பற்றியும் ஒரு வார்த்தை. ஊதும் சோதனையில் அது தேறினாலும், ஈரச் சூட்டில் சில வருடத்தில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடுகிறது. பெட்டியை வாங்கியபோது உதிர்ந்தது அதுதான். அந்தப் பொடி வூஃபரின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தால் உள்ளே ஆடும் கம்பிச் சுருளில் (காயில்) உரசும். வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பும் இதே காரணத்தால்தான் எங்கள் பக்கத்தில் சீக்கிரம் கிழிகிறது. மாற்றும்போது ரப்பர் விளிம்பு போடுங்கள்.

கடைசியில் காக்கா சொன்ன ரெக்ரானுக்கே வந்தேன். பாலியஸ்டர் பஞ்சு. தலையணைக்கும் பொம்மைக்கும் அடைப்பது. ஈரம் ஏறாது, பூஞ்சணம் பிடிக்காது, அரிக்காது, இழைகள் சுருண்டு இருப்பதால் அமுங்கினாலும் எழும்பும். கிளாஸ் வூல் அளவுக்கு உறிஞ்சாது, அதனால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பழைய துணியை அரைத்த கலப்படப் பஞ்சு இல்லாமல் வெள்ளையான சுருள் இழையாக இருக்க வேண்டும். ஒரு பிடியை இறுக்கி விட்டால் திரும்ப விரிய வேண்டும். பெட்டியில் வைக்குமுன் கையால் நன்றாகப் பிரித்துவிடுங்கள். கட்டியாக வைத்தால் காற்று கட்டியைச் சுற்றிப் போய்விடும்.

எவ்வளவு என்பதிலும் ஒரு தவறு செய்தேன். லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் என்பது பாலியஸ்டர் பஞ்சுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. கூடினால் நல்லது என்று 600 கிராமை அமுக்கினேன். குடம் போயே போய்விட்டது. அன்று சாயங்காலம் அம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மேளச் சத்தம் எங்கடா போச்சு?" என்றார். காற்றுக்குழாய்ப் பெட்டியில் தாழ்ந்த சத்தத்தின் ஒரு பங்கு அந்தக் குழாயில்தான் பிறக்கிறது. வூஃபரிலிருந்து குழாய் வரை காற்றுக்கு வழி திறந்திருக்க வேண்டும். நான் அந்த வழியையே அடைத்திருந்தேன். மூடிய பெட்டியின் கதை வேறு. அங்கே முழுக்க நிரப்பலாம், பெட்டி தன் அளவைவிடப் பெரிய பெட்டி போல நடக்கத் தொடங்கும். கணக்குப்படி அதற்கு எல்லை 1.4 மடங்கு, நடைமுறையில் அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்து 220 கிராமில் நின்றேன். எல்லாம் பெட்டியின் மேல் பாகத்திலும் நடுவிலும். குழாயைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெற்றிடம். மல்டிமீட்டரில் அந்த 310 முடிச்சு தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குத் தட்டையாகிவிட்டது. சமையலறைத் தராசில் நிறுத்து, எழுதிவைத்துக்கொண்டு செய்யுங்கள். கைப்பிடி அளவில் செய்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுபோல வராது.

நடுவில் பஞ்சை எப்படி நிறுத்துவது என்பது அடுத்த தலைவலி. அது கீழே சரிந்து குழாயை மூடிவிடக் கூடாது. இதற்கு எங்கள் ஊரிலேயே விடை இருந்தது. கிழிந்த நைலான் வலை. சின்னக் கண் வலையில் ஒரு துண்டை வெட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து அலசி வெயிலில் காயவைத்தேன். அலசாவிட்டால் உப்பும் மீன் வாடையும் பெட்டிக்குள் தங்கிவிடும். அதைப் பெட்டியின் குறுக்கே தொட்டில் போல இழுத்துக் கட்டி, மேலே பஞ்சை வைத்தேன். காற்றுக்கு அது தடையே இல்லை. வலையை அடிக்க ஸ்டேப்ளர் பின் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். பித்தளை ஆணி போதும், மரப்படகுக்கு அடிக்கிற செப்பு ஆணி கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொரு துண்டு வலையைக் குழாயின் உள்வாயில் கட்டிவிட்டேன். பல்லியும் கரப்பானும் உள்ளே போவது நின்றது.

பின்சுவரோரம் காயர் மெத்தையின் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றையும் வைத்தேன். தேங்காய் நார் தடியான இழை, அதனால் தனியாக அது பெரிதாக உறிஞ்சுவதில்லை. பஞ்சைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தத்தான் வைத்தேன். அந்த வேலைக்கு நன்றாக உதவுகிறது.

பெட்டிக்குள் காற்று ஒலிப்பது அடங்கியபின்தான் பலகையின் சத்தம் தனியாகக் கேட்டது. பக்கப்பலகையில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் பாட்டே அதற்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

பலகைக்கு என் முதல் முயற்சி என் பெட்டியில் இல்லை, மாமாவின் மைக் செட் பெட்டிகளில். சாதாரணத் தாரைக் காய்ச்சி, மணல் கலந்து உள்சுவரில் தடவினேன். தட்டிப் பார்த்தால் கல்லைத் தட்டுவது போல இருந்தது. மாமாவுக்கும் சந்தோஷம். சித்திரை மாதம் ஒரு விழாவுக்குப் போன ஒரு கறுப்புப் பெட்டி மேடை ஓரத்தில் பகல் முழுக்க வெயிலில் நின்றது. தார் இளகி வழிந்து வூஃபர் கோனின் (அதிரும் கூம்பின்) முதுகில் சொட்டி உறைந்தது. கோன் மாற்ற வேண்டியதாயிற்று, பணத்தை நான்தான் கொடுத்தேன். மாமா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சாலைத் தார் 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும், வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். பிட்டுமென், அதாவது தார், வேண்டுமென்றால் கூரைக்கு ஒட்டுகிற, ஆலையில் செய்த ஷீட்டை வாங்க வேண்டும். காய்ச்சிய தார் கூடாது.

இரண்டாவது மணல். இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் ஐம்பதுகளிலேயே இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே மணலை நிரப்பி ஸ்பீக்கர் பலகை செய்திருக்கிறார். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். எங்கள் வாசல் முழுக்க மணல்தானே என்று சலித்து, என் பெட்டி ஒன்றின் பின்பலகையை இரட்டையாக்கி நிரப்பினேன். ஐப்பசி மழை தொடங்கியது. சமையலறையில் கல் உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு ஊறிய மணலும் அதையேதான் செய்யும். தை மாதம் திறந்தபோது பிளைவுட்டின் கீழ் விளிம்பு கறுத்து இதழ் இதழாகப் பிரிந்திருந்தது, திருகாணிகள் துருவேறி உள்ளேயே முறிந்தன. பிரிக்ஸ் போட்டது உலர்ந்த மணல். கடற்கரை மணலை அப்படி உலர்வாக வைத்திருக்க முடியாது.

பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு 1977-இல் பெட்டிப் பலகைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பலகையைத் தடிப்பாக்கிக்கொண்டே போவதைவிட, மெல்லிய பிளைவுட்டில் அடக்கும் படலம் ஒட்டுவது நல்லது என்பது அவர்கள் வழி. அவர்களுடைய எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டி 12 மி.மீ. பிர்ச் பிளைவுட், உள்ளே பிட்டுமென் படலம். இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. படலம் எவ்வளவு கனமோ, பலகை எவ்வளவு மெலிசோ, அவ்வளவு பலன். 18 மி.மீ. பலகையில் 2 மி.மீ. ஷீட்டை ஒட்டிவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. அங்கே குறுக்குக்கட்டைதான் வழி.

என் 12 மி.மீ. பலகைக்கு, கார் கதவுகளில் ஒட்டுகிற பியூட்டைல் ஷீட் வாங்கினேன். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் கறுப்பு ஒட்டும் ரப்பர். ஒவ்வொரு பலகையின் நடுப்பகுதியிலும் பாதி அளவுக்கு, இரண்டு அடுக்காக ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினேன். ஓரங்களில் ஒட்டத் தேவையில்லை, அங்கே பலகை அவ்வளவாக ஆடுவதில்லை. ஒட்டுமுன் பலகை உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டின் தூளில் எதுவும் ஒட்டாது என்பதால் மச்சான் சொன்னபடி முதலில் உள்சுவர் முழுக்கப் படகுக்குப் பூசும் ரெசினை ஒரு கை பூசினேன். ஈரம் ஏறுவதையும் அது தடுக்கிறது. வாடை போக ஒரு வாரம் திறந்து போட்டேன், அதுவரை ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டவில்லை. தெர்மாகோல் மிச்சம் எங்காவது இருந்தால் ரெசின் அதைக் கரைத்துவிடும், அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பக்கத்துக்கு பக்கம் ஒரு தேக்கு ரீப்பர், படகுக்கு வங்கு வைப்பது போல. நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தேன். நடுவில் வைத்தால் இரண்டு பாதியும் ஒரே சுருதியில் பாடும். 'டொங்' இருந்த இடத்தில் இப்போது 'டக்' என்று கேட்கிறது. புதிதாகப் பெட்டி செய்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் (மர இழைப் பலகையும்) வேண்டாம் என்பேன். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டுக்கு ஆகும் கூடுதல் செலவை ஒரு மழைக்காலத்தில் எடுத்துவிடலாம்.

கசிவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 50 ஹெர்ட்ஸ் போட்டுவிட்டு ஊதுபத்தியை மூலைகளில் காட்டினேன். வயர் முனைகள் இருக்கும் தட்டின் ஓரத்தில் புகை துடித்தது. அதுவரை ட்வீட்டரின் குற்றம் என்று நான் நினைத்திருந்த ஒரு 'உஸ்' அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் டேப்பை வைத்து இறுக்கினேன். ஊதினால் காற்றுப் போகாத ஃபோமுக்குச் சரியான இடம் இதுதான். மரப்படகுக்குக் கலப்பத்துப் பார்ப்பவர்கள் (இடுக்கு அடைப்பவர்கள்) ஒவ்வொரு இடுக்காக விரலை ஓட்டுவார்கள். அந்தப் பொறுமையோடு ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

இவ்வளவையும் நான் ஒரு பெட்டியில் மட்டும்தான் முதலில் செய்தேன், மற்றதைத் தொடவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே பாட்டை மாற்றி மாற்றி இரண்டிலும் போட்டுக் கேட்டேன். இரண்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் நேற்றைய சத்தம் எப்படி இருந்தது என்று ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்கும். ஞாபகம் நாம் செலவழித்த காசின் பக்கம் சாயும். 600 கிராமை நான் நல்லது என்று நம்பியது அப்படித்தான். அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

சென்ற தை மாதம் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தேன். ரெக்ரான் அதே 220 கிராம். வலை தொய்யவில்லை. பித்தளை ஆணி இரண்டில் பச்சை படர்ந்திருந்தது, துடைத்துவிட்டேன். பியூட்டைல் ஒரு மூலையில் கொஞ்சம் எழும்பியிருந்தது, அங்கே ரெசின் சரியாகப் படவில்லை.

மாமாவின் இன்னொரு மைக் செட் பெட்டியில் என் தார் இன்னும் இருக்கிறது. இந்த மாதம் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில், சூடு ஏறுமுன், தார் இறுகியிருக்கும்போது உளியால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. எட்டு மணிக்கு மேல் பிசினாகிவிடுகிறது. இரண்டு பலகை முடிந்தது, இன்னும் மூன்று இருக்கிறது.